உசம்பாரா மலையில் இரண்டு பகல், ஒரு ராத்திரி: கிராம நடைக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வடகிழக்குத் தான்சானியாவில் மேற்கு உசம்பாரா மலை இருக்கிறது. அங்கே லுஷோட்டோ என்ற ஊரில் கிளம்பி, மகம்பா காட்டைக் கடந்து, வழியில் உள்ள ஊர்களையும் தோட்டங்களையும் தாண்டி, ரங்க்வி கிராமத்தில் ராத்தங்கி மறுநாள் திரும்புகிற நடையைப் பற்றித்தான் இந்தப் பக்கம். தார் எஸ் சலாமில் வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்களும், சென்னையிலிருந்து சஃபாரிக்குத் திட்டம் போடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த மலை இது, அதனால் சில பதில்கள் நீளும்.

அங்கே எப்படிப் போவது?

தார் எஸ் சலாமிலிருந்து அருஷா போகும் நெடுஞ்சாலையில் சலின்சே, செகேரா, கொரோக்வே எல்லாம் தாண்டினால் மொம்போ என்று ஒரு சமவெளி ஊர் வரும். நல்ல வெயில் ஊர். அங்கிருந்து மலைப்பாதை முப்பது கிலோமீட்டர் சொச்சம், வளைந்து வளைந்து சோனி வழியாக லுஷோட்டோ ஏறும். தாரிலிருந்து லுஷோட்டோவுக்கு நேரடிப் பேருந்தும் உண்டு, ஆனால் அதற்கு ஒரு முழுப் பகல் போய்விடும். மோஷி, அருஷா பக்கத்திலிருந்து வந்தால் மொம்போவில் இறங்கி தாலாதாலா, அதாவது அங்கத்திய மினிபஸ், இல்லையென்றால் பங்கு டாக்சி பிடித்துக்கொள்ளலாம். எப்படி வந்தாலும் முதல் நாள் ராத்திரி லுஷோட்டோவில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் நடையைத் தொடங்குங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மலையேறுவது உடம்புக்கும் நல்லதில்லை, வழிகாட்டியிடம் நிதானமாகப் பேசவும் நேரம் இருக்காது.

லுஷோட்டோ ஏறத்தாழ 1400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜெர்மானியர் ஆட்சியில் அதற்கு வில்ஹெல்ம்ஸ்டால் என்று பெயர். கடற்கரையின் புழுக்கமும் மலேரியாவும் தாங்காமல் குளிர்ச்சி தேடி ஏறியவர்கள் அவர்கள். மலையடிவாரத்தில் போகும் ரயில் பாதையும் அவர்கள் போட்டதுதான், 1893இல் தாங்கா துறைமுகத்தில் வேலை ஆரம்பித்தது.

செரங்கெட்டி, கிளிமஞ்சாரோ எல்லாம் இருக்கும்போது இதற்கு எதற்கு நாள் ஒதுக்க வேண்டும்?

சஃபாரியில் ஜீப்பை விட்டு இறங்க முடியாது. கிளிமஞ்சாரோவில் நாள் கணக்கில் ஏறினாலும் உங்களோடு வரும் குழுவைத் தவிர ஊர்க்காரர் ஒருவரிடமும் பேச மாட்டீர்கள். இரண்டும் அருமையான விஷயங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்டில் மனிதர்கள் எப்படி உழுது, விதைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாலையில் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள நடந்துதான் போக வேண்டும். அதற்கு உசம்பாரா மாதிரி இடம் கிடைப்பது அபூர்வம். இங்கே யாரும் உங்களுக்காக ஆடிப் பாடிக் காட்டுவதில்லை. ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், நீங்கள் அதன் நடுவே நடந்து போவீர்கள்.

அப்புறம் காடு. கென்யாவின் டைட்டா குன்றுகளில் தொடங்கி தான்சானியாவின் உட்சுங்வா வரை வளைந்து போகும் பழைய மலைத்தொடர் ஒன்று உண்டு, கிழக்கு வளைவு மலைகள் என்று சொல்வார்கள். உசம்பாரா அதில் ஒரு பகுதி. இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதி மழையாக இறங்குகிறது. சுற்றிலும் வறண்ட சமவெளி, நடுவில் தீவுகள் மாதிரி ஈரக் காடுகள். லட்சக்கணக்கான ஆண்டுகள் இப்படித் தனித்து நின்றதால் உலகில் வேறெங்கும் இல்லாத செடிகள், தவளைகள், பச்சோந்திகள், பறவைகள் இங்கே உண்டு. வீடுகளில் தொட்டியில் வளர்க்கிறார்களே ஆப்பிரிக்கன் வயலட், அதை 1892இல் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பியது இந்த வட்டாரத்தில் இருந்த ஜெர்மன் அதிகாரி ஒருவர்தான்.

இரண்டு நாளும் எப்படிப் போகும்?

காலை எட்டு மணி வாக்கில் லுஷோட்டோவில் கிளம்பினால் முதலில் மகம்பா வரை ஏற்றம். வீடுகள், யூகலிப்டஸ் மரங்கள், பள்ளிக்கு ஓடும் பிள்ளைகள். பிறகு மகம்பா காப்புக்காடு, சட்டென்று வெளிச்சமும் சத்தமும் குறையும். உயரமான கற்பூர மரங்கள் நிற்கும். அந்த மரத்தின் தாவரவியல் பெயரிலேயே உசம்பாரா இருக்கிறது, பட்டையை ஊரில் மருந்துக்கு எடுக்கிறார்கள். கறுப்பு வெள்ளை கோலபஸ் குரங்குகள் கிளை விட்டுக் கிளை தாவும்போது அந்த நீண்ட வெள்ளை ரோமம் பறக்கிற அழகைப் பார்க்க அவசரமில்லாமல் நிற்க வேண்டும். பச்சோந்தியை வழிகாட்டிதான் காட்டித் தர வேண்டும், நம் கண்ணுக்கு அது இலை.

காட்டை விட்டு வெளியே வந்ததும் மலைச்சரிவு முழுக்கத் தோட்டம். முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், மக்காச்சோளம், ஓரத்தில் வாழை. ஊட்டிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு முதல் பார்வையிலேயே பழகிய இடம் மாதிரி இருக்கும். லுக்கோசி ஊரில் காய்கறி மூட்டைகள் லாரி ஏறுவதைப் பார்க்கலாம். தார் எஸ் சலாம் சந்தையில் வாங்கும் கேரட்டும் கோஸும் பெரும்பாலும் இந்த மலையில் விளைந்து பெண்கள் தலைச்சுமையாக இறக்கியவை.

மாலையில் ரங்க்வி. பள்ளத்தாக்கில் அமைந்த ஊர், அங்கே கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகளின் மடம் இருக்கிறது, விருந்தினர்களுக்கு அறை தருவார்கள். ராத்திரி அங்கேதான்.

மறுநாள் வேறு பாதையில் தோட்டங்கள் வழியாக நடந்து லுக்கோசி சாலையைப் பிடித்து தாலாதாலாவில் லுஷோட்டோ திரும்பலாம். இதுதான் ஒரு ராத்திரிக் கணக்கு. கையில் இன்னொரு ராத்திரி இருந்தால் ரங்க்வியிலிருந்து ம்தாயே வரை நடக்கலாம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வழிகாட்டி இல்லாமல் நாங்களே போகலாமா? ஃபோனில் வரைபடம் இருக்கிறதே.

வேண்டாம். காப்புக்காட்டுக்கு அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும், அது ஒரு காரணம். தனியாகப் போகிறவர்களிடம் திருட்டு நடந்திருக்கிறது, அது இன்னொன்று. என்னைக் கேட்டால் பெரிய காரணம் வேறு. அங்கே பாதை என்று தனியாக ஒன்று கிடையாது. ஒருவர் வரப்பில் ஏறி, இன்னொருவர் வீட்டு முற்றத்தைக் கடந்து, மூன்றாமவர் பீன்ஸ் செடிகளுக்கு நடுவே இறங்குவீர்கள். வழிகாட்டி கூட வந்தால், முற்றத்தில் உட்கார்ந்து சோளம் உதிர்க்கும் பாட்டியிடம் அவர் நின்று நலம் விசாரிப்பார், பாட்டி உங்களைப் பற்றிக் கேட்பார், நீங்கள் ஒரு வணக்கம் சொல்வீர்கள், அதோடு நீங்கள் அந்த வழியாகப் போவதற்கு ஒரு நியாயம் வந்துவிடுகிறது. அவர் இல்லாவிட்டால் நீங்கள் அடுத்தவர் நிலத்தில் கேட்காமல் நடக்கும் ஆள்.

நல்ல வழிகாட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

மொம்போவில் பஸ் நின்றதும் சிலர் ஏறி வந்து "நான்தான் உங்கள் கைடு" என்பார்கள். லுஷோட்டோ நிறுத்தத்திலும் உண்டு. அவர்களில் நல்லவர்களும் இருக்கலாம், ஆனால் தெருவில் பணம் கொடுக்காதீர்கள். லுஷோட்டோவில் வழிகாட்டிச் சங்கங்களுக்கு அலுவலகம் இருக்கிறது, நேரே போய் உட்கார்ந்து பேசுங்கள், அடையாள அட்டையைக் கேளுங்கள், பணத்துக்கு ரசீது வாங்குங்கள். முடிவு செய்யும் முன் யார் வரப்போகிறாரோ அவரோடு கால் மணி நேரம் பேசிப் பாருங்கள். அவருக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்பதைவிட எந்த ஊர்க்காரர் என்பது முக்கியம். நீங்கள் நடக்கப்போகும் வழியில் ஓர் ஊர் அவருடையதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

மொத்தமாக "ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு டாலர்" என்றுதான் சொல்வார்கள், அதை அப்படியே ஏற்காமல் பிரித்துக் கேளுங்கள். வழிகாட்டியின் கூலி எவ்வளவு, காட்டு நுழைவுக் கட்டணம் எவ்வளவு, மடத்துக்கு அறைக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு, மதியச் சாப்பாடு யார் பொறுப்பு, திரும்பும் வண்டிச் செலவு சேர்ந்ததா, கிராமத்துக்கு என்று ஒரு பங்கு உண்டா, அது யார் கையில் போகிறது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நேர்மையான ஆட்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நாலு பேராகப் போனால் தலைக்கு விலை நன்றாக இறங்கும். பேரம் பேசலாம், ஆனால் வழிகாட்டியின் கூலியில் பேசாதீர்கள், அவர் இரண்டு நாள் தன் தோட்ட வேலையை விட்டுவிட்டு வருகிறார். கடைசியில் அன்பளிப்புக் கொடுப்பதை அவர் கையிலேயே நேராகக் கொடுங்கள்.

பணமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏடிஎம் லுஷோட்டோவில் உண்டு, அதற்கு மேல் போகும் வழியில் அதை நம்ப வேண்டாம். சில்லறை ஷில்லிங் நோட்டுகள் நிறைய தேவைப்படும், தேநீர்க் கடையில் பெரிய நோட்டை நீட்டினால் பாவம் அவர்தான் திண்டாடுவார்.

எனக்கு மலையேறிப் பழக்கமில்லை. முடியுமா?

தினம் ஒரு மணி நேரம் நடக்கிறவர்களுக்கு முடியும். ஒரு நாளைக்கு ஆறு ஏழு மணி நேரம் நடை, ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். உயரத்தால் தலைசுற்றுகிற அளவுக்கு இது உயர்ந்த மலை இல்லை, உச்சிகளே 2200 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைப் படுத்தும். செம்மண் மழையில் சோப்பு மாதிரி வழுக்கும், ஒரு கைத்தடி வைத்துக்கொள்ளுங்கள், வழிகாட்டியிடம் சொன்னால் காட்டோரத்தில் ஒரு கம்பு வெட்டித் தருவார். வழியில் எல்லோரும் "போலே போலே" என்பார்கள், மெதுவாகப் போங்கள் என்று. அதைக் கேளுங்கள்.

பத்து வயதுக்கு மேல் நன்றாக நடக்கும் பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம். பெரியவர்கள் முழங்கால் வலிக்காரர்களாக இருந்தால் முதல் நாள் காடு வரை நடந்துவிட்டு, அங்கிருந்து வண்டியில் ரங்க்வி வந்து சேர்ந்துகொள்ள ஏற்பாடு செய்யலாம்.

எந்த மாதம் நல்லது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை. வறண்ட காலம், பகலில் இதமான வெயில், ராத்திரி நல்ல குளிர். ஜனவரி, பிப்ரவரியும் பரவாயில்லை. மார்ச் கடைசி முதல் மே வரை பெருமழை, சாலையே சரிந்துபோகும், அப்போது வேண்டாம். நவம்பர், டிசம்பரில் சிறுமழை, மலை பச்சைப்பசேல் என்று இருக்கும், நனையத் தயாராக இருந்தால் வாருங்கள். ரம்ஜான் மாதத்தில் போனால் பல ஊர்களில் பகலில் தேநீர்க் கடை மூடியிருக்கும், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு மறைவாக உட்கார்ந்து சாப்பிடுவது மரியாதை.

ராத்தங்கல் எப்படி இருக்கும்? குளியல், கழிப்பறை?

சுத்தமான சின்ன அறை, கட்டில், கம்பளி, கொசுவலை. சொகுசு விடுதி இல்லை. வெந்நீர் கேட்டால் வாளியில் தருவார்கள், அந்தக் குளிரில் அந்த வாளித் தண்ணீர் பெரிய வரம். வழியில் உள்ள வீடுகளில் கழிப்பறை நம்மூர் போலக் குந்தி உட்காருவது, தண்ணீரும் இருக்கும். மின்சாரம் போகும் வரும், நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்று அவசியம். மடத்தில் ராத்திரி சீக்கிரம் அடங்கிவிடுவார்கள், சத்தம் போட்டுப் பாட்டு வைப்பது, குடிப்பது எல்லாம் அங்கே வேண்டாம். அவர்கள் வீட்டில் நாம் விருந்தாளிகள்.

நான் சைவம். பட்டினியா?

இல்லவே இல்லை. இந்தக் கேள்வி நிறைய வருவதால் விரிவாகவே சொல்கிறேன். அங்கே தினப்படி சாப்பாடே உகாலி, மஹராகே, ம்சிச்சா. உகாலி சோள மாவில் கெட்டியாகக் கிண்டுவது, மஹராகே என்பது சிவப்புக் காராமணி மாதிரிப் பெரிய பீன்ஸ் குழம்பு, ம்சிச்சா நம் தண்டுக்கீரை இனம்தான், வெங்காயம் தக்காளி போட்டு வதக்குவார்கள். சோறும் உண்டு, அதற்கு வாலி என்று பெயர். சப்பாத்தி எந்தத் தேநீர்க் கடையிலும் கிடைக்கும், பெயரும் சப்பாத்திதான், இந்தியப் பெருங்கடல் வழியாக வந்து அந்த ஊர்ச் சாப்பாடாகவே ஆகிவிட்டது, நம் வீட்டுச் சப்பாத்தியைவிடக் கனமாக, எண்ணெய் தாராளமாக இருக்கும். காலையில் மந்தாசி என்ற இனிப்பு போண்டா, பால் விட்ட சாய். வெண்ணெய்ப்பழம், பேஷன் பழம், வாழைப்பழம், பருவத்தில் பிளம்ஸ், பேரிக்காய் எல்லாம் வழியெங்கும் மலிவாகக் கிடைக்கும்.

ஒரே ஒரு கவனம். "ந்யாமா வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கோழியோ மீனோ வந்துவிடும், ஏனென்றால் ந்யாமா என்றால் பலருக்கு ஆட்டிறைச்சி மாட்டிறைச்சிதான். "சிலி ந்யாமா, கூக்கு, வாலா சமாக்கி" என்று மூன்றையும் சொல்லுங்கள். முதல் நாளே வழிகாட்டியிடம் சொன்னால் மடத்துக்குச் சொல்லி வைப்பார். முட்டை கூடாதென்றால் அதையும் தனியாகச் சொல்லுங்கள். காரம் குறைவாக இருக்கும், ஒரு சின்னப் பாட்டில் ஊறுகாய் கொண்டு போங்கள், மேசையில் வைத்துக் கூட இருப்பவர்களுக்கும் கொடுங்கள்.

குடிக்கக் காய்ச்சிய தண்ணீர் கேளுங்கள், அல்லது வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் மேலே ஆடு மாடு மேய்கிறது.

மொழி தெரியாதே?

வழிகாட்டி பார்த்துக்கொள்வார், ஆனாலும் வணக்கம் சொல்லும் முறையை மட்டும் படித்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஊரில் அதற்கு மேல் ஒரு மரியாதை இல்லை. உங்களைவிட வயதில் பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகாமூ", அவர்கள் "மராஹாபா" என்று பதில் சொல்வார்கள். பிள்ளைகள் உங்களுக்கு ஷிகாமூ சொன்னால் நீங்கள் மராஹாபா சொல்ல வேண்டும், சும்மா சிரித்துவிட்டுப் போகக்கூடாது. சம வயதுக்காரர்களிடம் "ஹபாரி", பதில் "ந்சூரி". இளைஞர்கள் "மாம்போ" என்றால் "போவா". ஒரு வீட்டு வாசலில் நின்றால் உள்ளே எட்டிப் பார்க்காமல் "ஹோடி" என்று குரல் கொடுங்கள், உள்ளிருந்து "கரிபு" என்று வந்த பிறகு போங்கள். நன்றிக்கு "அசாந்தே".

இதெல்லாம் சுவாஹிலி. மலை மக்கள் ஷம்பா இனத்தவர், வீட்டில் பேசுவது கிஷம்பா. அதில் ஒரு வணக்கத்தை வழிகாட்டியிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு ஒரு தாத்தாவிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

நேரம் சொல்லும் முறை வேறு, இதைக் கவனிக்காதவர்கள் பஸ்ஸை விட்டுவிடுவார்கள். சுவாஹிலியில் நாள் தொடங்குவது காலை ஆறு மணிக்கு. அவர்கள் கணக்கில் ஒரு மணி என்றால் நமக்குக் காலை ஏழு, "சா ம்பிலி" என்றால் காலை எட்டு. எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிள்ளைகள் "ம்சுங்கு", "ம்ஹிந்தி" என்று கூப்பிடுகிறார்களாமே?

ஆமாம். ம்சுங்கு வெள்ளைக்காரருக்கு, ம்ஹிந்தி இந்தியருக்கு. பெரும்பாலும் அதில் வம்பு எதுவும் இல்லை, கண்ணில் பட்டதைச் சொல்கிற பிள்ளைகள். தான்சானியாவில் இந்தியர் என்றால் தலைமுறை தலைமுறையாகக் கடைக்காரர், வியாபாரி, நகரத்துக்காரர். அவர்கள் கிராமத்து வரப்பில் முதுகுப்பையோடு நடந்து வருவதை மலையில் அதிகம் பார்த்ததில்லை. அதனால் உங்களைப் பார்க்கிற பெரியவர்கள் வியப்போடு நிறையக் கேள்வி கேட்பார்கள். உங்கள் ஊரில் என்ன விளையும், மாட்டுக்கு எவ்வளவு பால், கல்யாணத்தில் யார் யாருக்குப் பணம் கொடுப்பது, மழை ஒழுங்காகப் பெய்கிறதா. பதில் சொல்லுங்கள், திருப்பிக் கேளுங்கள். நம் ஊர் வயலையும் வீட்டையும் காட்டும் நாலு படம் ஃபோனில் இருந்தால் பேச்சு தானாக வளரும். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்த நடையில் மற்ற யாருக்கும் கிடைக்காத ஒரு நெருக்கம் கிடைக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

படம் எடுக்கலாமா?

மலையை, மரத்தை, பச்சோந்தியை எவ்வளவு வேண்டுமானாலும். மனிதர்களைக் கேட்டுவிட்டு. "நவோம்பா கூபிகா பீச்சா" என்றால் புரியும், தலையசைத்தால் எடுங்கள், முகத்தைத் திருப்பினால் கேமராவை உள்ளே வையுங்கள். பிள்ளைகளைக் கூட்டமாக நிற்க வைத்து எடுத்து வலையில் ஏற்றும் பழக்கத்தைத் தயவுசெய்து இங்கே கொண்டு வராதீர்கள். நம் பிள்ளையை முன்பின் தெரியாத ஒருவர் அப்படி எடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

பேனா, மிட்டாய் வாங்கிப் போகட்டுமா?

வழியில் விநியோகம் செய்ய வேண்டாம். நல்ல மனதோடு கொடுப்பதுதான், ஆனால் அடுத்த வாரம் அந்தப் பிள்ளைகள் பள்ளி நேரத்தில் பாதையோரம் வந்து நிற்கத் தொடங்கிவிடுவார்கள். கொடுக்க ஆசையிருந்தால் நோட்டுப் புத்தகம், சாக்குக்கட்டி மாதிரி எதையாவது லுஷோட்டோ கடையிலேயே வாங்கி, வழிகாட்டி மூலம் பள்ளித் தலைமையாசிரியர் கையில் கொடுங்கள். லுஷோட்டோ கடைக்காரருக்கும் வியாபாரம் ஆகும். அதைவிட நல்லது, வழியில் தேநீர், பழம், பாய், கூடை என்று விலை கொடுத்து வாங்குவது.

அந்த மலையின் கதை கொஞ்சம் சொல்லுங்களேன்.

ம்பேகா என்ற வேட்டைக்காரரில் தொடங்குவார்கள். தெற்கே இருந்த ங்குலு மலையிலிருந்து வந்தவர், பயிரை நாசம் செய்த காட்டுப்பன்றிகளை வேட்டையாடி இறைச்சியை ஊர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார், வழக்குகளைத் தீர்த்து வைத்தார், மக்கள் அவரையே அரசராக்கினார்கள் என்பது வாய்மொழி வரலாறு. அவர் வழி வந்த கிலிண்டி வம்சத்தின் தலைநகர் வுகா. 1862இல் இறந்த கிம்வேரி காலத்தில் அந்த அரசு மலையைத் தாண்டிக் கடற்கரை வரை செல்வாக்கோடு இருந்தது. அரசர்தான் மழைக்குப் பொறுப்பு. மழை பொய்த்தால் நிலத்தை அரசர் கெடுத்துவிட்டார் என்று மக்கள் வெளிப்படையாகவே சொல்வார்கள்.

பிறகு ஜெர்மானியர், அப்புறம் ஆங்கிலேயர். 1946இல் மிலாலோ பள்ளத்தாக்கில் மண்ணரிப்பைத் தடுக்கிறோம் என்று ஆங்கிலேய அரசு ஒரு திட்டம் கொண்டு வந்து, பிறகு அதை மலை முழுக்கப் பரப்பியது. சரிவில் குறுக்கும் நெடுக்குமாக வரப்பு கட்டித்தான் பயிரிட வேண்டும், கட்டாதவர்களுக்குத் தண்டனை. அந்தக் கூடுதல் உழைப்பு பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது. மக்கள் எதிர்த்தார்கள், 1950களின் பிற்பகுதியில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. இன்று நீங்கள் நடக்கும் வழியில் சரிவு சரிவாகத் தெரியும் தோட்டங்களுக்குப் பின்னால், மண்ணை எப்படிக் காப்பது என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்ற அந்தச் சண்டையும் இருக்கிறது. வயதான விவசாயிகளிடம் வழிகாட்டி மூலம் கேளுங்கள், அம்மா அப்பா பட்ட பாட்டைச் சொல்வார்கள்.

சிங்கம், யானை வருமா?

மலையில் இல்லை. பாம்பு உண்டு, புல்லில் கால் வைக்கும்போது பார்த்து வையுங்கள்.

தடுப்பூசி, மலேரியா?

மலை மேல் கொசு குறைவு, ஆனால் மொம்போ, தார் எல்லாம் மலேரியா இடங்கள், அவற்றைக் கடந்துதான் வருகிறீர்கள். கிளம்பும் முன் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், சொன்ன நாள்வரை நிறுத்தாமல் சாப்பிடுங்கள். ஊர் திரும்பிய பின் காய்ச்சல் வந்தால் ஆப்பிரிக்கா போய் வந்ததை முதல் வார்த்தையாகச் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விஷயத்தில் குழப்பம் நிறைய. கென்யா, எத்தியோப்பியா மாதிரி அந்த நோய் உள்ள நாடுகளில் தங்கிவிட்டுத் தான்சானியா வருகிறவர்களிடம் அட்டை கேட்பார்கள், அங்கெல்லாம் போய்விட்டு இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள், இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. விமானம் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள், சந்தேகம் இருந்தால் போட்டுக்கொண்டுவிடுங்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட வேண்டும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், சாதாரண விசாவுக்கு 50 டாலர்.

பையில் என்ன?

பழகிய காலணி, புதிதாக வாங்கியது வேண்டாம். மழைக்கோட்டு, ஒரு ஸ்வெட்டர், மாற்று உடை ஒரு செட், தொப்பி, விளக்கு, தண்ணீர்ப் பாட்டில், கால் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி. முழங்கால் மூடும் உடை ஆணுக்கும் பெண்ணுக்கும் நல்லது, வழியில் மசூதி, தேவாலயம் இரண்டும் உள்ள ஊர்கள் வரும். பெண்கள் ஒரு காங்கா துணி வாங்கி வைத்துக்கொண்டால் போர்த்த, விரிக்க, இடுப்பில் சுற்ற எல்லாவற்றுக்கும் ஆகும். ஒன்று முக்கியம்: தான்சானியாவில் 2019 ஜூன் 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. பெட்டிக்குள் மிக்சரையும் துணியையும் கேரிபேக்கில் சுற்றி வைக்கும் வழக்கம் நமக்கு உண்டு, துணிப்பைக்கு மாற்றிவிட்டு விமானம் ஏறுங்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகிறார்கள். அலுவலகம் வழியாக வழிகாட்டியை ஏற்பாடு செய்து, அவர் பெயரையும் பாதையையும் லுஷோட்டோவில் தங்கும் இடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பெண் வழிகாட்டி கிடைப்பாரா என்று கேளுங்கள். குறைவுதான், ஆனால் கேட்கிறவர்கள் அதிகமானால்தான் அந்த வேலைக்குப் பெண்களும் வருவார்கள். பெண் வழிகாட்டியோடு போனால் சமையற்கட்டு வரை அழைத்துப் போவார்கள், ஆண்கள் பார்க்க முடியாத பாதி ஊர் அங்கேதான் இருக்கிறது.

ஒரு ராத்திரி போதுமா, இரண்டா?

விடுமுறை இருந்தால் இரண்டு. இரண்டாம் நாள் ரங்க்வியிலிருந்து ம்தாயே வரை முழுப்பகல் நடை, மலையின் வடமேற்கு விளிம்பில் இருக்கும் ஊர் அது. நிலம் அங்கே சட்டென்று முடிந்து கீழே ம்கோமாசி சமவெளி விரியும், எதிரே பாரே மலைகள், வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் கிளிமஞ்சாரோ. திரும்ப லுஷோட்டோ போகும் பஸ் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும், முந்தைய மாலையே நேரத்தைக் கேட்டு இடம் சொல்லி வையுங்கள். ஒரு ராத்திரிதான் முடியும் என்றால், முதல் நாள் லுஷோட்டோ வந்து இறங்கியதும் மாலையில் இரெந்தே விளிம்பு வரை ஒரு நடை போய் வந்துவிடுங்கள். கீழே மசின்டே பக்கத்தில் கோடு போட்டதுபோல் வரிசை வரிசையாகக் கற்றாழைத் தோட்டங்கள் தெரியும், 1893இல் ஜெர்மானியர் கொண்டு வந்து நட்ட சைசல் அது. பக்கத்துப் பண்ணையில் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் கிடைக்கும், மறுநாள் மதியத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.